ரூ கிண்டிவிட்டு ஆடப் போகலாம்: லஃபயெட்டில் ஒரு கேஜன் சனிக்கிழமை

தெற்கு லூசியானாவில் செப்டம்பர் முடியும்வரை வெயில் விடாது. அக்டோபரில் ஒருநாள் காற்று வடக்கிலிருந்து திரும்பும். அன்று சாயங்காலம் லஃபயெட்டில் எந்த மளிகைக்கடைக்குப் போனாலும் செலரி இருந்த இடம் காலியாகக் கிடக்கும். முதல் குளிர் வந்தால் கம்போ, அதாவது சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் கறுத்த கறிக்குழம்பு, வைக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். தொலைக்காட்சியில் வானிலை சொல்பவரே அதை வைத்து வேடிக்கை பண்ணுவார். கல்லூரிகளின் அமெரிக்க ஃபுட்பால் பருவமும் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும்.

"எப்போ வந்தா நல்லாயிருக்கும்?" என்று ஹூஸ்டனிலிருந்தும் டாலஸிலிருந்தும் நண்பர்கள் கேட்பார்கள். மார்டி கிரா திருவிழா என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ரேஜின் கேஜன்ஸ் ஃபுட்பால் அணி உள்ளூரில் ஆடும் ஒரு சனிக்கிழமையை. அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட வேண்டும். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கரண்டியைக் கையில் வாங்கினால், தெரியாத ஆட்டத்துக்கும் கால் வைத்தால், வீட்டு ஆளாகவே ஆக்கிவிடுவார்கள். கீழே இருப்பது அந்த ஒன்றரை நாளுக்கான வழிமுறை. எண்ணெய்க் கம்பெனியில் கணக்கு பார்க்க வந்து இங்கேயே வீடு வாங்கிவிட்ட ஒருவன் எழுதியது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதில் வரிக்கு வரி சண்டைக்கு வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வருமுன் தெரிந்துகொள்ள

இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா இருக்கும் பகுதிக்கு அன்று அக்கேடியா என்று பெயர். அங்கே விவசாயம் செய்துவந்த பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜன்கள். 1755இல் பிரிட்டிஷ்காரர்கள் அவர்களைக் கப்பலேற்றித் துரத்த ஆரம்பித்தார்கள். அலைந்தவர்களில் ஒரு கூட்டம் 1765இல் போசொலே என்று அழைக்கப்பட்ட ஜோசஃப் ப்ரூசார் தலைமையில் இந்தச் சதுப்புநிலப் பக்கம் வந்து சேர்ந்தது. 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. மற்ற மாநிலங்களில் கவுண்டி என்பதை லூசியானாவில் பாரிஷ் என்பார்கள். அப்படி 22 பாரிஷ்களைச் சேர்த்து அக்கேடியானா என்று 1971இல் மாநிலச் சட்டமன்றம் அறிவித்தது. லஃபயெட் அதன் நடுவில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் வேறு உலகம், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே சாப்பிட்ட கம்போவை இங்கே வந்து புகழாதீர்கள், அவ்வளவுதான்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் பதமாக இருங்கள். 1921இல் வந்த மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. "இனி பிரெஞ்சு பேச மாட்டேன்" என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது தங்கள் குழந்தைகளுக்கு அந்த மொழியைக் கற்றுத்தரவே இல்லை. 1968இல் பிரெஞ்சை மீட்க அரசே கோடோஃபில் என்று ஒரு அமைப்பை வைத்தது, இப்போது பிரெஞ்சு வழிப் பள்ளி வகுப்புகள் உண்டு. வயதானவர் யாராவது பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசினால் அது சும்மா வந்த வார்த்தை இல்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு "மெர்சி"யைச் சொல்லுங்கள், முகம் மலரும். ஆனால் "லெசே லெ போன் தான் ரூலே" (நல்ல காலம் உருளட்டும்) என்று கத்தாதீர்கள். அதைக் கத்துகிறவர்கள் சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள்.

பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் மிஸ், மிஸ்டர் சேர்த்துக் கூப்பிடுங்கள். கல்யாணமான பாட்டியாக இருந்தாலும் மிஸ்தான், குடும்பப் பெயர் வேண்டாம், முதல் பெயர் போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்: கம்போ

கம்போவை முந்தின நாளே வைக்க வேண்டும். ஒரு ராத்திரி இருந்தால்தான் புகை வாசமும் கோழியும் குழம்பில் ஊறும். இன்னொரு லாபமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பதினைந்து பேருக்கு அளவு இது. எலும்போடு கோழித் தொடை 5 பவுண்டு. புகையிட்ட பன்றி சாசேஜ் 2 பவுண்டு. ஆண்டுயி என்ற புகையிட்ட சாசேஜ் வகை கிடைத்தால் பாதிக்குப் பாதி. பன்றி சாப்பிடாதவர்கள் வான்கோழி சாசேஜ் வாங்கலாம், ஆனால் புகையிட்டதாக இருக்க வேண்டும், கம்போவின் பாதி ருசி அந்தப் புகைதான். பெரிய வெங்காயம் 3, பச்சைக் குடைமிளகாய் 2, செலரித் தண்டு 4, பூண்டு ஏழெட்டுப் பல். எண்ணெய் ஒன்றரை கப், மைதா ஒன்றரை கப். கோழி எலும்பில் எடுத்த ஸ்டாக் 5 லிட்டர். காயீன் மிளகாய்த்தூள், மிளகு, பிரிஞ்சி இலை, உப்பு. கடைசியில் தூவ வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

பாத்திரம் கனமான இரும்புச் சட்டி. மேக்னலைட் என்று பழைய அலுமினிய வார்ப்புச் சட்டிகளும் வீட்டுக்கு வீடு உண்டு. பாட்டி போனபின் நிலத்துக்கு அடுத்த பங்காளிச் சண்டை அதற்குத்தான். சோற்றுக்கு ஹிட்டாச்சி ரைஸ் குக்கர். ஒரு ஜப்பான் குக்கருக்கு இவ்வளவு பக்தர்கள் இந்தச் சதுப்புநிலத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சாசேஜை வட்டமாக நறுக்கி வேறொரு சட்டியில் சிவக்க வறுத்து எடுங்கள். அதே கொழுப்பில் கோழியையும் தோல் பக்கம் சிவக்கும்வரை வாட்டி எடுத்து வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் ஸ்டாக் விட்டுச் சுரண்டி மீதி ஸ்டாக்கோடு சேர்த்துவிடுங்கள். காய்களை எல்லாம் நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் ரூவுக்கு, அதாவது எண்ணெயில் மைதாவை வறுத்துச் செய்யும் பசைக்கு, அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் கத்தியைத் தொட நேரம் இருக்காது. செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். ரேடியோ மட்டும் ஓடட்டும். யூனிஸ் ஊரிலிருந்து வரும் கே.பி.ஓ.என். 101.1இல் கேஜன் பாட்டு, சைடிகோ, ஸ்வாம்ப் பாப் எல்லாம் வரும். இரண்டு பீர் குடித்து முடிக்கும் நேரம் ரூ கிண்ட வேண்டும் என்பது இவ்வூர்க் கணக்கு. பீர் வேண்டாதவர்கள் பாட்டை எண்ணலாம், ஒரு டஜன் பாட்டு.

எண்ணெய் மிதமான தீயில் காயட்டும். ஒரு சிட்டிகை மைதா போட்டால் பொரிய வேண்டும். அப்போது மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, தட்டையான மரக்கரண்டிக்கு மாறுங்கள். சட்டியின் அடியும் ஓர வளைவும் சேர்த்து வழித்துக் கிண்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. வெளுத்த பசையும் பச்சை மாவு வாசமும்தான். இங்கேதான் பலர் பொறுமையிழந்து தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள். கால் மணி நேரம் தாண்டினால் பாப்கார்ன் வாசம் வரும், பசை இளகிக் கரண்டியில் லேசாக ஓடும். அப்புறம் வேர்க்கடலை வெண்ணெய் நிறம். அங்கே தீயை ஒரு படி குறையுங்கள், ஏனென்றால் இதுவரை நடந்த ரூ இனி ஓடும். செம்புக் காசு நிறம் வந்ததும் நிறுத்திவிடத் தோன்றும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது இருக்கும். அவர் அடுப்புப் பக்கம் வரவே மாட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி மூக்கை மட்டும் தூக்கி, "இன்னும் ஆகல, ஷா. கிண்டு" என்பார். ஷா என்றால் கண்ணு, ராசா மாதிரி எல்லாருக்கும் பொது. அவர் காத்திருப்பது காப்பிக்கொட்டை வறுபடும் வாசத்துக்குக் கொஞ்சம் முந்தைய ஒரு வாசம். அது வரும்போது சட்டியில் நிறம் இருண்ட சாக்லேட்டாக இருக்கும், மேலே எண்ணெய் லேசாகப் பளபளக்கும். மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். கறுப்புப் புள்ளிகள் மிதந்து, மூக்கில் எரிச்சலாக ஏறினால் கருகிவிட்டது. காப்பாற்றப் பார்க்காதீர்கள், அந்தக் கசப்பு 5 லிட்டரிலும் இருக்கும். கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள், போனது ஒன்றரை கப் மைதாதான். கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். கேஜன் நேபாம் என்று இதற்குப் பெயரே உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள், குழந்தைகளை அடுப்பறையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

நிறம் வந்த நொடியில் வெங்காயத்தை முழுதும் கொட்டுங்கள். சர்ரென்று பொங்கும். வெங்காயத்து ஈரம் ரூவின் சூட்டை இறக்கிக் கருகாமல் காப்பாற்றும், நிறமும் இன்னும் ஒரு படி இறங்கும். அடுத்து குடைமிளகாய், செலரி. இந்த மூன்றுக்கும் திரித்துவம் என்று பெயர். கத்தோலிக்க ஊர், வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஏழெட்டு நிமிடத்தில் வதங்கியதும் பூண்டு. பிறகு சூடான ஸ்டாக்கைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். முதலில் ரூ திரிந்தது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், கொதி வந்தால் சேர்ந்துவிடும். சாசேஜ், கோழி, காயீன், மிளகு, பிரிஞ்சி இலை போட்டுச் சிறு தீயில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். சாசேஜில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். டோனி சாச்சரீஸ் போன்ற பச்சை டப்பா மசாலா போடுவதென்றால் உப்பை இன்னும் குறையுங்கள், அதில் முக்கால்வாசி ருசி உப்புதான். கோழி வெந்ததும் எலும்பை எடுத்துவிட்டுக் கறியை உதிர்த்துத் திரும்பப் போடுங்கள்.

"என்ன இது, தண்ணியா இருக்கே" என்று நம் ஆட்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். மாவு எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு மாவுச்சத்து உடைந்துபோகும், கெட்டியாக்கும் சக்தியும் குறையும். இந்த கம்போ கறுப்பாக, நீர்க்க, சோற்றில் இறங்கும்படிதான் இருக்க வேண்டும். மஞ்சளும் கரம் மசாலாவும் போடக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். காரம் போதாதவர்களுக்கு மேசையில் டபாஸ்கோ இருக்கும். அது இங்கே பக்கத்தில் ஏவரி ஐலண்டில் மக்கில்ஹென்னி குடும்பம் 1868இலிருந்து செய்துவருவது. தக்காளி? போட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸுக்கே போய்விடுங்கள்.

வெண்டைக்காய் போட்டும் வைப்பார்கள், முக்கியமாக இறால், நண்டு கம்போவுக்கு. கொழகொழப்பு போகும்வரை தனியே வதக்கிச் சேர்க்க வேண்டும். வெண்டைக்காய் இந்த மண்ணுக்கு வந்தது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக. வெண்டைக்காய் இல்லாத கம்போவுக்கு ஃபிலே தூள். சாஸஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்து இடித்தது, இதைச் சொல்லித்தந்தவர்கள் சாக்டா பழங்குடியினர். ஃபிலேயைக் கிண்ணத்தில் பரிமாறிய பிறகு ஒரு சிட்டிகை தூவுங்கள். கொதிக்கும் சட்டியில் போட்டால் நூல் நூலாக இழுக்கும்.

நேரம் இல்லையென்றால் ஒப்பலூசஸ் ஊர் சவாய்ஸ் கம்பெனியின் பாட்டில் ரூ எந்தக் கடையிலும் கிடைக்கும். நிறையக் கேஜன் வீடுகளில் அதுதான் ஓடுகிறது. வெளியே சொல்ல மாட்டார்கள்.

சட்டியைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவைத்து, சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே ஏடாக உறைந்திருக்கும். அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். முந்தின நாளே வைப்பதன் அடுத்த லாபம் இதுதான்.

சனிக்கிழமை காலை: பாட்டும் காலும்

காலைச் சாப்பாட்டுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் ஸ்காட் ஊரில் இறங்குங்கள், வெளியேற்றம் 97. 'உலகின் பூடான் தலைநகர்' என்று பட்டம் வாங்கிய ஊர். பூடான் என்பது பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் சேர்த்து அரைத்துக் குடலில் அடைத்து ஆவியில் வேகவைத்தது. தட்டு, கரண்டி எல்லாம் கேட்காதீர்கள். கார் பக்கத்தில் நின்றபடி ஒரு முனையைக் கடித்துப் பிதுக்கிச் சாப்பிட வேண்டியதுதான். கூடவே க்ராக்லின், அதாவது பொரித்த பன்றித் தோல், ஒரு பொட்டலம். பெட்ரோல் பங்குக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் குறைவாக நினைக்க வேண்டாம், இங்கே நல்ல பூடான் பாதி அங்கேதான்.

அங்கிருந்து யூனிஸ் ஒரு மணி நேரத்துக்குள். அக்கார்டியன் செய்யும் மார்க் சவாயின் சவாய் மியூசிக் சென்டரில் பல பத்தாண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் ஆட்கள் கூடி வாசித்துவருகிறார்கள். கிளம்பும்முன் அன்று உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது கச்சேரி இல்லை, கைதட்டி வாங்கிப்போக ஒன்றும் இருக்காது. வட்டமாக உட்கார்ந்து தங்களுக்காக வாசிப்பார்கள். கையில் கொஞ்சம் பூடான் வாங்கிப்போய்ப் பொதுவில் வைத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். வயலினோ கிடாரோ தெரிந்தவர்கள் வெளி வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். சும்மா கிடக்கிறதே என்று முக்கோண இரும்பைக் கையில் எடுக்காதீர்கள். பார்க்க எளிது, தாளம் தவறினால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பழைய நாளில் அதை வைக்கோல் வாரும் இயந்திரத்தின் பல்லிலிருந்து வளைத்துச் செய்தார்கள்.

கேஜன் அக்கார்டியனில் ஒரே வரிசை, பத்துப் பொத்தான். அமுக்கும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம். மைக் இல்லாத காலத்தில் ஆடுகிறவர்களின் கால் சத்தத்துக்கு மேலே கேட்டது இது ஒன்றுதான், அதனால்தான் பாட்டுக்கே தலைமை எடுத்துக்கொண்டது. 1928இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா ப்ரோவும் பதிவு செய்ததுதான் முதல் கேஜன் இசைத்தட்டு. அடுத்த ஆண்டே கறுப்பின அக்கார்டியன் கலைஞர் அமெடே ஆர்துவானும் வெள்ளைக்கார வயலின்காரர் டெனிஸ் மக்கீயும் சேர்ந்து பதிவு செய்தார்கள். இனப் பாகுபாடு உச்சத்தில் இருந்த காலம் அது. இன்று கேஜன் அக்கார்டியன் வாசிக்கும் யாரும் ஆர்துவானுக்குக் கடன்பட்டவர்கள்தான். 1964இல் கேஜன் இசைக்கலைஞர் ட்யூயி பால்ஃபா நியூபோர்ட் நாட்டுப்புற விழாவுக்குப் போய், அங்கே கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், உள்ளூரில் மட்டமாக நினைத்த இந்த இசைக்கு மரியாதை திரும்ப ஆரம்பித்தது. சைடிகோவையும் கேஜன் என்று சொல்லிவிடாதீர்கள். அது பிரெஞ்சு பேசிய கறுப்பின க்ரியோல் மக்களின் இசை, பியானோ அக்கார்டியன், மார்பில் மாட்டிக்கொள்ளும் தகரப் பலகை, ப்ளூஸ் வாடை. அதன் ராஜா ஒப்பலூசஸ்காரர் கிளிஃப்டன் ஷெனியே.

யூனிஸுக்கு வடக்கே பக்கத்திலேயே மாமூ. அங்கே ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்று ஒரு சின்ன மதுக்கடை, சனிக்கிழமை காலையில் மட்டும்தான் திறக்கும். இசைக்குழு நடுவில் வாசிக்க, ரேடியோவில் நேரலை போக, காலை ஒன்பது மணிக்கு எழுபது வயதுக்காரர்கள் வால்ட்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள், இடமே இருக்காது.

வால்ட்ஸ் எளிது: ஒன்று-இரண்டு-மூன்று, முதல் அடி மட்டும் கொஞ்சம் நீளம், முழங்கால் தளர்வாக. டூ-ஸ்டெப்பில் இடது கால் பக்கவாட்டில், வலது சேரும், மறுபடி இடது, வலது கால் தரையைத் தொட்டுவிட்டு நிற்கும். இப்போது அதே வலது பக்கம். பெண்கள் எதிர்க் காலில் ஆரம்பிக்க வேண்டும். குதிக்கக் கூடாது, தலை ஒரே உயரத்தில் மிதக்க வேண்டும். எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுவார்கள், மெதுவாக ஆடுகிறவர்கள் உள்பக்கம். நடுவே நின்று கால் கணக்குப் பார்த்தால் முட்டு விழும். தெரியாதென்றால் வயதான ஒருவரிடம் கேளுங்கள், ஆணோ பெண்ணோ. தோளில் இருக்கும் அவர் கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் போனால் போதும். ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி ஓரத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். கணவன் மனைவி என்று ஒட்டிக்கொண்டே இருப்பது இங்கே பழக்கமில்லை, எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். நம் தம்பதிகள் முதல் இரண்டு பாட்டுக்கு நெளிவார்கள், அப்புறம் சரியாகிவிடும்.

சாயங்காலம்: மைதானத்து வாசலில்

மத்தியானம் லஃபயெட் திரும்பி, கம்போவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு. ஆட்டம் ஆறு மணிக்கென்றால் இரண்டு மணிக்கே போய்விடுங்கள். டெயில்கேட் என்பது கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, காஸ் அடுப்பு வைத்து, ஆட்டத்துக்கு முன் நாள் முழுக்கச் சமைத்துச் சாப்பிடுவது. பலருக்கு ஆட்டம் இரண்டாம் பட்சம்.

காஸ் அடுப்பின் தீ மூர்க்கம். கம்போவைச் சிறு தீயில் வைத்து அடியைக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். சோற்றை வீட்டிலேயே வடித்து மூடிய பாத்திரத்தோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் சாயங்காலம் வரை சூடு நிற்கும். குளிருக்குச் செய்த பெட்டிக்குச் சூடும் தெரியும். நடுத்தர நீள அரிசிதான் வழக்கம். கம்போவோடு உருளைக்கிழங்கு சாலட் கட்டாயம், முட்டையும் கடுகு விழுதும் மயோனைஸும் போட்டுப் பிசைந்தது. அதைக் கம்போவுக்குள்ளேயே ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறவர்கள் பாதி, தனியாகத் தொட்டுக்கொள்கிறவர்கள் பாதி. நான் உள்ளே போடும் கட்சி. சூட்டில் ஜில்லென்று ஒரு வாய் வரும்போது எதற்கென்று புரியும்.

கூடாரம் கடந்து போகிறவர் யாராக இருந்தாலும், எதிரணிச் சட்டை போட்டிருந்தாலும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் தனியாக வந்தவரென்றால் ஒரு சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "எவ்வளவு நேரம் ரூ கிண்டினீங்க?" என்று கேளுங்கள். கிண்ணம் தானாக வரும். கூடவே, உங்கள் குடும்பம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரணையும் வரும். அது வம்பு இல்லை. எல்லாருக்கும் எல்லாரும் உறவாக இருக்கும் ஊரில் உங்களை எங்கே வைப்பது என்று பார்க்கிறார்கள்.

நிறம் சிவப்பு, அவர்கள் கணக்கில் வெர்மிலியன். ஊதாவும் பொன்னிறமும் போட்டு வராதீர்கள், அது ஐம்பது அறுபது மைல் மாதிரித் தூரத்தில் பேட்டன் ரூஜில் இருக்கும் எல்.எஸ்.யூ.வின் (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) நிறம். லஃபயெட்டில் பாதி வீடுகள் எல்.எஸ்.யூ. வீடுகள்தான். 1988இல் ஆபர்னுக்கு எதிராக எல்.எஸ்.யூ. அடித்த கடைசி நேர டச்டவுனுக்குக் கூட்டம் துள்ளியது நிலநடுக்கக் கருவியில் பதிவான கதையை அவர்கள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியின் பக்கம். சனிக்கிழமைதான் பிரிவினை.

இன்னொரு கண்ணிவெடி: பல்கலைக்கழகத்தின் பெயர். 1999 வரை தென்மேற்கு லூசியானா பல்கலைக்கழகம். இப்போது யூனிவர்சிட்டி ஆஃப் லூசியானா அட் லஃபயெட். அணியை லூசியானா என்றோ யூ.எல். என்றோ சொல்லுங்கள். யூ.எல்.எல். என்று இரண்டு எல் போட்டால் உங்களுக்கு கம்போ ஊற்றிக்கொண்டிருக்கும் கை பாதியில் நிற்கும். மைதானத்தையும் அப்படித்தான்: 1971இல் திறந்தது, ஒரு பக்கத்தை இடித்துக் கட்டி 2025இல் ஒரு மருத்துவமனையின் பெயரோடு புதிதாக்கினார்கள், ஆனால் வாயில் வருவது கேஜன் ஃபீல்டுதான்.

ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு இது போதும்: நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடிந்தால் மறுபடி நான்கு. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுங்கள், "கோ கேஜன்ஸ்" என்று கத்துங்கள். எதிரணி கையில் பந்து இருக்கும்போது கத்த வேண்டும், நம் அணி கையில் இருக்கும்போது அமைதி. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பேச்சு கொடுக்க வேண்டுமா? 2021ஐ எடுங்கள்: முதல் ஆட்டத்தில் டெக்சஸிடம் தோற்று, அப்புறம் வரிசையாக 13 வெற்றி. அல்லது ப்ரோ பிரிட்ஜ் ஊரிலிருந்து இங்கே படித்து, கரோலைனா பேந்தர்ஸ் அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோன ஜேக் டெலோம். பெயரைச் சொன்னால் அவருடைய பள்ளித் தோழர், ஒன்றுவிட்ட தம்பி என்று யாராவது ஒருவர் அந்தக் கூடாரத்தில் இருப்பார்.

வசந்த காலத்தில் வருகிறவர்களுக்கு பேஸ்பாலும் சாஃப்ட்பாலும். இரண்டும் இங்கே உதிரி ஆட்டம் இல்லை. டோனி ரோபிஷோ பயிற்சியில் பேஸ்பால் அணி 2000இல் ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதிச்சுற்றுக்குப் போனது, 2014இல் 58 ஆட்டம் வென்றது. பெண்கள் சாஃப்ட்பால் அணி தன் இறுதிச்சுற்றுக்குப் பலமுறை போயிருக்கிறது. அந்தப் பருவத்தில் கம்போவை மறந்துவிட்டு, சின்னச் சிங்கி இறால் மாதிரி இருக்கும் கிராஃபிஷ் தேடுங்கள். அறுவடை முடிந்த நெல் வயலிலேயே தண்ணீர் கட்டி வளர்ப்பது, மார்ச்சிலிருந்து மே வரை கொழுத்திருக்கும். ஆளுக்கு மூன்று, நான்கு பவுண்டு. மேசையில் செய்தித்தாள் விரித்து வேகவைத்ததைக் கொட்டுவார்கள். தலையைத் திருகு, வாலை அமுக்கு, தலையில் இருக்கும் சாற்றை உறிஞ்சு. கண்ணைத் தேய்க்காதே.

குதிரைப் பந்தயத்தில் ஆர்வமிருந்தால் ஒப்பலூசஸில் எவஞ்சலீன் டௌன்ஸ். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வயல்வெளித் தடங்களில் இரண்டு குதிரைகளை மோதவிடுவார்கள், பத்து வயதுப் பையன்கள் கூட சவாரி செய்வார்கள். அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான் எடி டெலஹௌஸே, கென்ட் டெசோர்மோ, கால்வின் பொரெல். மூவரும் சேர்ந்து கென்டக்கி டெர்பியை 8 முறை வென்றிருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே காரை எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் நகராது. கூடாரத்துக்கே திரும்பிப் போய் மிச்ச கம்போவைச் சூடாக்குங்கள். அப்புறமும் மீந்தால் வீட்டில் டப்பாக்களில் ஊற்றி உறைய வைக்கலாம், இரண்டு மூன்று மாதம் ருசி மாறாது. சோற்றைக் கலந்து உறைய வைக்காதீர்கள், குழைந்துவிடும். உருளைக்கிழங்கு சாலட் நாள் முழுக்க வெளியே இருந்ததென்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.